பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடும் கார்கள்

கல்முனைப் பிரதான வீதியிலோ நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கமோ நிற்கும் ஒரு பழைய பென்ஸ் காரின், அல்லது தொண்ணூறுகளில் வந்த ஒரு ஜப்பான் வேனின் பொனட்டைத் தூக்கிப் பார்த்தால், சில வேளை ஒன்று உறுத்தும். பவர் ஸ்டியரிங் பம்ப் தன் இடத்தில் அப்படியே இருக்கும். ஒயில் ஊற்றும் குப்பியும் இருக்கும், உள்ளே காய்ந்து கறுத்துப்போய். பம்பைச் சுழற்ற வேண்டிய பெல்ட் மட்டும் இருக்காது. ஸ்டியரிங் ஒழுகத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு போத்தல் ஒயில் ஊற்றிக் களைத்துப்போன உரிமையாளரும், முற்றம் நிறைய வேலை குவிந்து கிடக்கும் மெக்கானிக்கும் சேர்ந்து எடுத்த முடிவு அது. "காக்கா, இப்போதைக்குப் பெல்ட்டக் கழட்டி உடுங்க, ஓடிப் பாப்பம்" என்று தொடங்கிய ஏற்பாடு வருடக்கணக்கில் நிலைத்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தை விட வேண்டும். ஒழுகும் பவர் ஸ்டியரிங்கைத் திருத்த முடியும். திருத்துவதற்குத் தேவையான கைகளும் பட்டறைகளும் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான இந்தக் கரையோரத்திலேயே இருக்கின்றன. சரியான சீலும், அளந்து பார்க்கும் பழக்கமும், அந்த வேலைக்குரிய கூலியைக் கொடுக்கும் மனமும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பழைய கார்களைப் பற்றிப் பேசுவதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது. இலங்கையில் பழைய கார் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் முப்பது வயதுக் கொரோலாவின் விலை புதுக் கார் விலையை நோக்கி ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்க்கையில் புதிய வாகனம் சாதாரண வருமானக்காரரின் கைக்கு எட்டவில்லை. கட்டாரிலோ சவூதியிலோ உழைத்து அனுப்பிய காசில் வாப்பாவுக்கு வாங்கிக்கொடுத்த வேன், நெல் வியாபாரத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பென்ஸ், இவற்றை வைத்தே இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டியிருக்கிறது.

இது நாட்டுக்குப் புதிய அனுபவமும் அல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில், பிரித்தானியக் கார்களைக் கட்டிக் காத்தவை நம் நாட்டுப் பட்டறைகள்தான். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களுக்கு வேண்டிய சாமான்களை லேத்தில் கடைந்தும் தகட்டில் அடித்தும் செய்துகொண்டார்கள். அந்தக் கைத்திறன் பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், இலங்கையரான தனபால சமரசேகரவோடு கூட்டுச் சேர்ந்து டியூரபிள் கார் கொம்பனி என்ற நிறுவனத்தை இலங்கையில் தொடங்கினார். மொரிஸ் மைனர் பிறந்த நாட்டில் கிடைக்காமற்போன பாகங்களை இங்கே செய்து அங்கே அனுப்பினார்கள். தாய்நாட்டிலேயே சாமான் தீர்ந்துபோன காருக்கு உயிர் கொடுத்தது இலங்கைத் தொழிலாளியின் கை.

மொரிஸ் மைனருக்கும் இன்றைய சிக்கலுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார் முக்கால் டன் அளவே நிறையுள்ளது. அதற்குப் பவர் ஸ்டியரிங் தேவைப்படவில்லை. சின்னப் பற்சக்கரமும் பல்வெட்டிய தண்டும் போதும், ஒரு கையால் திருப்பலாம். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு டீசல் கார்களும் வேன்களும் வந்து குவிந்தபோது கதை மாறியது. முன்னால் கனத்த இரும்பு எஞ்சின், அகன்ற டயர். மேர்சிடீஸ் பென்ஸ் டபிள்யூ 123 வகைக் கார் ஒன்றரை டன்னை நெருங்கும். 1976 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் 27 இலட்சம் அளவில் செய்யப்பட்ட அந்தக் காரில் பவர் ஸ்டியரிங் ஆரம்பத்தில் மேலதிகக் காசு கொடுத்துப் பெறும் வசதியாகவே இருந்தது. 1982க்குப் பிறகு எல்லாக் காருக்கும் அது வந்துவிட்டது.

பவர் ஸ்டியரிங்கின் பிறப்பே ஒரு லொறிக்காரரின் வேதனையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பியேர்ஸ் அரோ கொம்பனியில் லொறிப் பகுதியில் வேலை செய்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியியலாளர், கனரக வாகனத்தைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டைப் பார்த்து வேலையை விட்டு விலகி, 1926இல் ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை ஒரு காரில் பூட்டி ஓட்டிக் காட்டினார். பொருளாதார மந்தம் வந்து கார் கொம்பனிகள் பின்வாங்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது பயன்பட்டது. கடையில் வாங்கக்கூடிய ஒரு காரில் அது வந்தது 1951இல், கிறைஸ்லர் இம்பீரியலில். ஒரு நல்ல யோசனை சாதாரண மனிதனின் கைக்கு வர இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதைத்தான் இங்கே ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்பானரால் கழற்றிப் போடுகிறோம்.

அதன் உள்ளே நடப்பது என்ன என்று விளங்கிக்கொண்டால் எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதும் விளங்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்புக்குள் மெல்லிய தகடுகள் வட்டமாக ஓடி ஒயிலை அழுத்துகின்றன. அந்த அழுத்தம் தடித்த குழாய் வழியே, சில்லுகளைத் திருப்பும் பல்வெட்டிய தண்டு இருக்கும் ஸ்டியரிங் ரெக்குக்குப் போகிறது. சாரதி வளையத்தைத் திருப்பும்போது, வளையத்திலிருந்து வரும் தண்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய உருக்குக் கம்பி மிகச் சிறிதளவு முறுகுகிறது. அந்த முறுக்கமே வால்வைத் திறக்கிறது. வலப் பக்கம் முறுகினால் ஒயில் ஒரு பக்கத்துக்கும், இடப் பக்கம் முறுகினால் மறுபக்கத்துக்கும் போய், நடுவே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. வளையத்தை முழுக்கத் திருப்பி நிறுத்தும் வேளையில் அந்த ஒயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலைத் தாண்டும். கார் டயரில் இருப்பது வெறும் முப்பது இறாத்தல் அளவு.

ஆயிரம் இறாத்தலைத் தடுத்து நிற்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். அதுதான் சீல். பழைய காரின் ஸ்டியரிங் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் அந்த வளையம் காய்ந்து இறுகி, விளிம்பு தேய்ந்திருக்கிறது என்பதே பொருள்.

இந்தக் கரையோரத்தில் அது ஏன் சீக்கிரம் நடக்கிறது என்பதற்கு இடம் சார்ந்த காரணங்கள் உண்டு. பிரதான வீதி கடலை ஒட்டியே ஓடுகிறது. உப்புக் காற்று இரவும் பகலும் இரும்பின் மேல் படிகிறது. ரெக்கின் இரு முனையிலும் தண்டை மூடி நிற்கும் மடிப்பு ரப்பர், மெக்கானிக்குகள் பூட் என்று சொல்வது, ஒரு சின்னக் கிழிசல் கண்டாலே போதும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது விரிந்து சுருங்கி வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். மார்கழி மழையில் கிட்டங்கி தாம்போதியிலும் மாவடிப்பள்ளி வீதியிலும் வெள்ளம் பாயும் நாட்களில் அப்படி இழுபடுவது சேற்றுத் தண்ணீர். கடற்கரை வீதிகளில் பொடி மணல். கண்ணாடி போல மினுங்க வேண்டிய தண்டில் துருப் புள்ளிகள் விழுகின்றன. அதன் பிறகு எத்தனை புதுச் சீல் போட்டாலும், தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகள் சீலின் விளிம்பைச் சுரண்டித் தின்றுவிடும்.

2022ஆம் ஆண்டு இன்னொரு அடி அடித்தது. எரிபொருளுக்காக மைல் கணக்கில் வரிசை நின்ற காலம். கியூஆர் அட்டை முறை வந்து, 2023 செப்டெம்பரில் அது நீக்கப்படும் வரைக்கும் பல வாகனங்கள் வளவுக்குள் அசையாமல் கிடந்தன. ஓடாத வாகனத்தில் ரப்பர் ஒயில் படாமல் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கும். மீண்டும் ஓட்டத் தொடங்கியதும் கசியும்.

சூழலைக் குறைசொல்வதோடு நின்றுவிடவும் முடியாது. கையில் கிடைத்த ஒயிலை ஊற்றுவது மிகப் பெரிய கேடு. இந்த வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது தானியங்கி கியருக்கு ஊற்றும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஒயில் அல்லது உற்பத்தியாளர் சொன்ன ஸ்டியரிங் ஒயில். அவசரத்துக்கு பிரேக் ஒயிலை ஊற்றிவிட்டால் ஆபத்து. பிரேக் ஒயில் வேறு இனம். அதற்கென்று செய்த ரப்பர் வேறு. ஸ்டியரிங்கில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறிப் பொதும்பிப் போகும், பிறகு பம்ப், ரெக், குழாய் என்று எல்லாச் சீலையும் மாற்ற வேண்டி வரும். "லீக் நிற்கும்" என்று எழுதி விற்கும் திரவங்களும் ரப்பரைக் கொஞ்சம் வீங்க வைத்துத்தான் கசிவை நிறுத்துகின்றன. அது சில காலத்துக்கு மட்டும். தேய்ந்த விளிம்பை எந்தத் திரவமும் வளர்த்துக் கொடுக்காது.

ஒயில் குறைந்த நிலையில் ஓட்டினால் இன்னொரு சங்கிலி தொடங்கும். பம்புக்கு வழுவழுப்புக் கொடுப்பதே அந்த ஒயில்தான். ஒயில் இறங்கிக் காற்று புகுந்ததும் பம்ப் ஊளையிடத் தொடங்கும். வளையத்தைத் திருப்பும்போது கேட்கும் அந்த நீண்ட முனகலைப் பலர் பெல்ட் சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே தகடுகள் உராய்ந்து இரும்புத் துகள் கழன்று, ஒயிலோடு கலந்து ரெக்குக்குப் போய் வால்வையும் சீலையும் கீறுகிறது. இந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஒயிலையே ஊற்றினால் புதுப் பம்பும் நீடிக்காது. குழாய்களைக் கழற்றிக் கழுவி, பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றி, குப்பிக்குள் இருக்கும் வடிகட்டியை மாற்றிய பிறகே புதியதைப் பூட்ட வேண்டும். பழைய பென்ஸ்களில் அந்த வடிகட்டி குப்பியின் அடியில் ஒளிந்திருக்கும். அது ஒன்று இருப்பதே தெரியாமல் இருபது வருடம் ஓட்டியவர்களும் உண்டு.

ரெக்கைக் கழற்றித் திருத்துவது பொறுமையும் சுத்தமும் கேட்கும் வேலை. கீழே இறக்கிய ரெக்கை மண்ணெண்ணெயில் கழுவி, இரு முனைத் தடிகளையும் கழற்றி, தண்டை மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். பல் வெட்டிய பக்கம் சீலின் ஊடாக வந்தால் பற்கள் விளிம்பைக் கிழித்துவிடும். தெரிந்த கைகள் பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் ஒயில் பூசி, சீலை வழுக்க விடுவார்கள். வால்வின் மேல் இருக்கும் வெண்ணிற டெஃப்லோன் வளையங்கள் இன்னும் நுட்பமானவை. அவற்றைச் சுடுதண்ணீரில் போட்டு இளக வைத்து, விரித்துப் பூட்டி, பிறகு குழாய் போன்ற ஒரு கருவிக்குள் சற்று நேரம் வைத்து மீண்டும் அளவுக்குச் சுருங்க விட வேண்டும். அவசரப்பட்டு அப்படியே உள்ளே தள்ளினால் வளையம் வெட்டுப்படும். வெளியே ஒரு துளி ஒழுகாது, ஆனாலும் ஸ்டியரிங் ஒரு பக்கத்துக்குக் கனக்கும்.

சீல் வாங்கும் இடத்தில்தான் பெரும்பாலான தோல்விகள் ஆரம்பமாகின்றன. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் ஒத்துப்போகிறது என்று எஞ்சினுக்குப் போடும் சாதாரண ஒயில் சீலை வாங்கிப் பூட்டுகிறார்கள். அந்தச் சாதாரணச் சீல் தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தலைக்கூட எட்டாது. ஸ்டியரிங் சீலின் முதுகு தடித்து, பின்னால் ஒரு கடின வளையத்தின் ஆதரவோடு நிற்கும்படி செய்யப்பட்டிருக்கும். வெப்பம் தாங்கும் விசேட நைட்ரைல் ரப்பர் அது. மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். காரை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில் முழுக்கத் திருப்பிய கணத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். என்.ஓ.கே. போன்ற ஜப்பானியச் சீல் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சீலிலும் இலக்கமும் குறியும் அச்சிடுகிறார்கள். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் உரிமையாளருக்கு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும்.

பழைய பென்ஸிலும் சில பெரிய ஜப்பான் கார்களிலும் ரெக்குக்குப் பதிலாக உருண்டைகள் ஓடும் ஸ்டியரிங் பெட்டி இருக்கிறது. அதன் தலையில் ஒரு திருகாணி. வளையம் ஆடுகிறது, "பிளே" இருக்கிறது என்று யாராவது சொன்னதும் அந்தத் திருகாணியை இறுக்கிவிடுவது நமது பட்டறைகளில் சர்வசாதாரணம். அந்தப் பெட்டியின் பற்கள் நேரான நிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும். பெட்டியை நேர்நிலைக்குக் கொண்டுவந்து, இணைப்புகளைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்க்க வேண்டிய வேலை அது. சில்லுகள் திரும்பி நிற்கையில் இறுக்கினால் நேராக ஓடும்போது பிடித்துக்கொள்ளும், வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக மீளாது. அதற்கு முன்பாகவே பார்க்க வேண்டியவை வேறு. டைரொட் முனைகள், எதிர்ப்பக்கக் கையின் புஷ்கள், பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நட்டுகள் ஆகியவற்றின் தேய்வே பெரும்பாலும் ஆட்டத்துக்குக் காரணம்.

இத்தனை வேலைக்கும் பயந்துதான் பெல்ட் கழற்றப்படுகிறது. கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பவர் ஸ்டியரிங் காரின் பெல்ட்டைக் கழற்றினால் அது சாதாரண ஸ்டியரிங் காராக மாறிவிடாது. சாதாரணக் காரில் வளையத்தைக் கூடுதல் சுற்றுச் சுற்றும்படி பற்களை அமைத்திருப்பார்கள், அதனால் கை இலேசாகும். பவர் ஸ்டியரிங்கில் சுற்று குறைவு, ஆகவே கனம் அதிகம். உள்ளே மிஞ்சிய ஒயிலையும் சாரதியின் கையே தள்ள வேண்டியிருக்கிறது. ஒயில் வற்றிவிட்டால் ரெக்கின் உட்சுவர் துருப்பிடித்து, நாளைக்குத் திருத்த நினைத்தாலும் திருத்த முடியாத இரும்பாகிவிடும். சில எஞ்சின்களில் அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும். அங்கே கைவைத்தால் எஞ்சினே சூடேறிப் போகும்.

இதைவிடப் பாரதூரமானது வீதி. இங்கிருந்து அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் பதினெட்டு வளைவு ஏற வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே பஸ். அந்த இடத்தில் இரண்டு கையாலும் வளையத்தை இழுத்துப் பிடித்துத் திருப்பும் சாரதிக்கு அவசரத்தில் ஒதுக்க நேரம் இருக்காது. அறுபது வயது கடந்த ஒருவர், தோள் வலியோடு, சுபஹுக்கு முன்பே கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார் என்றால் அந்தக் கனம் வெறும் அசௌகரியம் அல்ல. இயந்திர இணைப்பு அப்படியே இருப்பதால் ஸ்டியரிங் அறவே செயலிழக்காது என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டே பலர் துணிந்து ஓட்டுகிறார்கள்.

மறுபக்கத்தில், கழற்றாமல் மாற்றிவிடும் பழக்கமும் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி, ஜப்பானில் உடைத்த காரிலிருந்து வந்த ரெக் ஒன்றை வாங்கிப் பூட்டுவது. சில நேரம் அது நன்றாகவே அமையும். ஆனால் அந்த ரெக்கின் சீலுக்கும் நம்முடைய ரெக்கின் சீலுக்கும் ஒரே வயதுதான். கப்பலில், களஞ்சியத்தில், கடை வாசலில் என்று ஒயில் இல்லாமல் எத்தனை காலம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றியதும் அது ஒழுகினால் செலவும் கூலியும் இரண்டு மடங்கு. கையில் இருக்கும் ரெக்கின் தண்டு நல்லதாக இருந்தால், நல்ல சீல் கிட் போட்டுத் திருத்துவதே மேல். தண்டில் புள்ளி விழுந்திருந்தால் அதைச் சாணை பிடித்து, கடின குரோம் பூசி, மீண்டும் அளவுக்குக் கொண்டுவரலாம். பெக்கோ இயந்திரங்களின் ஹைட்ரோலிக் தண்டுகளுக்குச் செய்யும் அதே வேலை.

பெக்கோவைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிரதேசம் நெல் விளையும் பூமி. உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், நெல் ஆலை, மீன்பிடிப் படகு என்று எல்லாவற்றுக்கும் பட்டறைகள் வளர்ந்திருக்கின்றன. மெசி பெர்கியூசன் உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் தூக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் கைகள் சம்மாந்துறையில் உண்டு. உயர் அழுத்தக் குழாய்க்கு முனை அழுத்தித் தரும் இடங்களும் உண்டு. ஆயிரம் இறாத்தல் அழுத்தம் அவர்களுக்குப் புதியதல்ல. கார் பட்டறையும் உழவு இயந்திரப் பட்டறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் குறை. ஸ்டியரிங் குழாய் வெடித்தால் ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கும் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி முறையான குழாயை அழுத்தி வாங்கலாம். ஒரு கவனம் மட்டும் வேண்டும். காருக்குரிய குழாய்க்குள் பம்பின் அதிர்வை அடக்க ஓர் ஏற்பாடு இருக்கும். அது இல்லாத குழாய் போட்டால் இரைச்சல் கூடும், அழுத்தம் தாங்குவதில் குறையிராது.

மெக்கானிக்கின் பக்க நியாயத்தையும் மறைக்கக் கூடாது. நம்மவர்கள் சாமானுக்குக் காசு கொடுப்பார்கள், நேரத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு புது ரெக் நாற்பதாயிரம் என்றால் மறுபேச்சு இல்லை. பழைய ரெக்கை முழு நாள் உட்கார்ந்து திருத்தி, அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்டால் "என்ன காக்கா, சீல் தானே மாத்தினீங்க" என்ற கேள்வி வரும். இந்தக் கேள்விக்குப் பயந்தே நல்ல கைகள் அந்த வேலையைக் கையில் எடுப்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கே வருவதில்லை. ஜேர்மனியின் ஃபெல்பாக்கில் 1993 முதல் மேர்சிடீஸ் நிறுவனமே தன் பழைய கார்களைத் திருத்துவதற்கென்று ஒரு நிலையம் நடத்துகிறது. டபிள்யூ 123க்கு வேண்டிய பாகங்களை இன்றும் விற்கிறது. அங்கே ஒரு மணி நேர வேலைக்கு விலை உண்டு என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அறுபது ஆண்டுக்கு மேலாக அமெரிக்கக் கார்களை ஓட்டிக்கொண்டிருக்கும் ஹவானாவிலும் மெக்கானிக் என்பவர் ஊரில் மதிப்புள்ள மனிதர்.

அரசாங்கத்தின் பக்கம் ஓர் ஓட்டை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காரின் ஸ்டியரிங் ஒழுகுகிறதா, பெல்ட் இருக்கிறதா, டைரொட் ஆடுகிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. புகை அளக்கும் நிலையத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் வாகனம் போகிறது. அதே இடத்தில் வளையத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்து, குனிந்து இரண்டு பூட்டையும் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வறியவரின் வாகனத்தைப் பறிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஒரு ரப்பர் பூட்டின் விலையோடு முடியும் வேலை, விட்டுவிட்டால் முழு ரெக்கின் விலைக்கு வந்து நிற்கும் என்பதற்காகத்தான். ஒழுகும் ஒயில் போய்ச் சேரும் இடத்தையும் மறக்கக் கூடாது. இது மணல் தரை, கிணறுகள் ஆழமில்லாதவை.

பயிற்சி விடயத்தில் கேட்க வேண்டியது பெரிய கட்டிடம் அல்ல. மொரட்டுவையில் இருக்கும் இலங்கை–ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் 1959இல் போக்குவரத்துச் சபையின் பஸ்களைப் பராமரிக்க ஆள் பயிற்றவே தொடங்கப்பட்டது. தேவை ஒன்றைக் கண்டு அதற்கென்றே உருவான நிறுவனம் அது. சம்மாந்துறைத் தொழினுட்பக் கல்லூரியும் நிந்தவூர்த் தொழிற்பயிற்சி நிலையமும் வெள்ளிக்கிழமை கழிந்த வார இறுதிகளில் ஹைட்ரோலிக் ஸ்டியரிங் பற்றி ஒரு குறும்பயிற்சி நடத்தினால், ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் வருவார்கள். முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த ஒருவர் அதைப் பெற்றுச் சுவரில் மாட்டினால், கூலி கேட்கும்போது அவருடைய குரலுக்கு வலு இருக்கும். ஒலுவில் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் சந்தையில் விற்கும் சீல்களை வாங்கி, சூடான ஒயிலில் ஊறவைத்து, எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று சோதித்துச் சொன்னால், அதைவிட ஊருக்கு நெருக்கமான ஆய்வு இருக்காது.

பட்டறைகள் முதலில் வாங்க வேண்டிய கருவி ஓர் அழுத்தமானி. பம்புக்கும் ரெக்குக்கும் நடுவே அதைப் பூட்டி, கூடவே இருக்கும் வால்வைச் சில விநாடி மட்டும் மூடிப் பார்த்தால், பம்ப் போதிய அழுத்தம் கொடுக்கிறதா என்று தெரிந்துவிடும். கொடுத்தால் வால்வைத் திறந்து வளையத்தை முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது முள் விழுந்தால் ரெக்குக்குள் கசிவு. ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை இல்லாததால்தான் நல்ல பம்ப் குப்பைக்குப் போய், கெட்ட ரெக் காரில் மிஞ்சுகிறது. ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. சாய்ந்தமருதில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, தேவைப்படுபவர் வாடகைக்கு எடுத்துப் போகலாம். அதற்கான காசு இரண்டு கார்களில் தேவையில்லாமல் மாற்றிய பம்பின் விலைக்குள் அடங்கிவிடும்.